அழுமூஞ்சிச் சுவர்

ஐப்பசி பிறந்தால் ஆரணியில் இரண்டு கூட்டம். ஒன்று, தீபாவளிக்குப் பட்டு எடுக்க வருகிற கூட்டம். இன்னொன்று, வீட்டுச் சுவரிலிருந்து ஒரு பிடி காரையைப் பெயர்த்துத் துணியில் முடிந்துகொண்டு சந்தவாசல் பக்கம் பஸ் ஏறுகிற கூட்டம். முதல் கூட்டத்துக்குத் தள்ளுபடி உண்டு. இரண்டாவதற்கு அதெல்லாம் கிடையாது.

சந்தவாசலுக்குச் சற்று முன்னால், சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நீர்க்கட்டுச் சாமியார். செவ்வாயும் வெள்ளியும் தரிசனம். உங்கள் வீட்டுச் சுவரில் ஈரம் கசிகிறதா? பெயின்ட் செதில் செதிலாக உரிகிறதா? உடனே கொத்தனாரைக் கூப்பிடுகிற ஆசாமியா நீங்கள்? அப்படியானால் உங்களுக்கு விவரம் போதாது. சுவரில் கசிவது தண்ணீரே இல்லையாம், கண்ணீராம். அந்த வீட்டில் யாரோ அழுது அடக்கிய கண்ணீர் செங்கல்லில் தங்கி, வீடு கைமாறும்போது வெளியே வருகிறதாம். காரையை மூக்கருகே கொண்டுபோய்ச் சாமியார் ஒரு மூச்சு இழுப்பார். பங்காளி கண்ணீரா, கட்டின பெண்டாட்டி கண்ணீரா, கன்னிப்பெண் கண்ணீரா என்று பிரித்துச் சொல்லிவிடுவார். மழைத் தண்ணீர் என்று ஒரு ரகம் அவரிடம் கிடையாது. இத்தனைக்கும் அவருடைய கொட்டகையே நாலு இடத்தில் ஒழுகும். ஒவ்வொரு ஒழுகலுக்கும் கீழே ஒரு பக்கெட் வைத்திருப்பார்கள். அந்தப் பக்கெட்டில் யார் கண்ணீர் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இதையெல்லாம் சொல்கிற நான் யார் என்று கேட்பீர்கள். என் பெயர் லோகநாதன். ஆரணியில் பெயின்ட், பைப், சிமென்ட் விற்கிற கடை வைத்திருக்கிறேன். வியாபாரம் படுத்துவிட்ட வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்று நீங்கள் நினைத்தால் அது பாதி உண்மை. மீதி உண்மையையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் என் மனைவி அமலாவின் நச்சரிப்பு தாங்காமல், எங்கள் சமையலறைக் காரையை எடுத்துக்கொண்டு நானும் அங்கே போனேன். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றேன். சாமியார் மோந்து பார்த்துவிட்டு, "மச்சான் கண்ணீர்" என்றார். என் மச்சான் துபாயில் இருக்கிறான். தினமும் வீடியோ காலில் சிரிக்கிறான். அழுகிறவன் நான்தான், அவனுக்குக் கைமாற்றுக் கொடுத்துவிட்டு.

மோந்து பார்ப்பதோடு முடிந்துவிடாது. பிறகுதான் சோதனை. ஒரு மஞ்சள் பொட்டலம் தருவார்கள். அதுதான் சோதனை விபூதி. பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் ஒட்டியிருக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் பிரித்து, தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டும். குழைக்கும்போதே உள்ளங்கை சுடும். சக்தி இறங்குகிறதாம். அந்தக் கையை அப்படியே நாலு சுவரிலும் பதிக்க வேண்டும். விடிந்ததும் பார்த்தால், கைத்தடத்திலிருந்து தண்ணீர் கோடு கோடாக வழிந்து நிற்கும். அதைப் போட்டோ எடுத்துச் சாமியாரின் வாட்ஸப்புக்கு அனுப்பினால் தோஷத்தின் அளவு சொல்வார். அப்புறம் நிவர்த்தி. சுவரைக் கழுவிவிட்டுச் சிவப்புப் பொட்டலத்து விபூதியைப் பூச வேண்டும். அது அழாது. மொத்தம் நாற்பத்தெட்டு நாள். சாமியார் கைநீட்டிக் காசு வாங்க மாட்டார். தூணில் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கும். சித்திரை, வைகாசியில் மட்டும் அவர் இமயமலைக்குப் போய்விடுவார். அப்போது நம் ஊரில் யாருக்கும் கண்ணீர் வராது போலிருக்கிறது.

இந்த நிலையில்தான் துர்காவும் சுதாகரும் வீடு வாங்கக் கிளம்பினார்கள்.

இருவரும் பட்டு நெசவு. வாடகை வீட்டில் ஒரே ஒரு குழித்தறி. தரையில் குழி வெட்டி, காலை உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிற தறி அது. சுதாகர் நெய்வான். துர்கா அவனைவிட நன்றாக நெய்வாள், ஆனால் அவளுக்குத் தறி இல்லை. இன்னொரு குழி வெட்ட வீட்டுக்காரர் விடவில்லை. "ஒரு குழிக்கே என் வீடு பல்லிளிக்குது" என்று சொல்லிவிட்டார். அதனால் அவள் ஏழு வருஷமாக ஊரார் தறியில் கூலிக்கு உட்கார்ந்தாள். சொந்த வீடு, சொந்தக் குழி, சொந்தத் தறி. அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

தனகோடியம்மா வீடு விலைக்கு வந்தது அப்படித்தான் கண்ணில் பட்டது. அந்த அம்மாளுக்கு வயது ஐம்பத்தெட்டு. புருஷன் போய்விட்டார். மகளோடு போய் இருக்கப் போகிறார். கூடத்தில் இரண்டு தறி தாராளமாகப் போடலாம். விலையும் அந்தத் தெரு விலையில் பாதிதான். காரணம், பின்சுவர். இடுப்பளவிலிருந்து உத்தரம் வரை ஈரம் பூத்து, காரை பொருக்குத் தட்டியிருந்தது. அட்வான்ஸ் கொடுத்த கையோடு துர்கா என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

"அண்ணா, பட்டு வெக்கிற வீடு. ஈரம் ஆவாது. சரி பண்ண முடியுமா, முடியாதா? அத்த மட்டும் சொல்லுங்க."

"தண்ணி மேலேர்ந்து எறங்குதா, கீழேர்ந்து ஏறுதான்னு மொதல்ல தெரியணும்மா. மழ விடட்டும், கொத்தனாரோட மாடி ஏறிப் பாக்கலாம்" என்றேன்.

சுதாகர் சிரித்தான். "நீங்க பெயின்ட் கடைக்காரரு. கொத்தனாரு, பெயின்ட்னுதான் சொல்லுவீங்க. நான் சாமியாரையே பாத்துட்டு வந்துட்டேன்."

அவன் கையில் மஞ்சள் பொட்டலம்.

சுதாகரைச் சும்மா ஏமாளி என்று தள்ளிவிட முடியாது. இதே சுதாகர், முதலாளி பட்டு நூலை நிறுத்துக் கொடுக்கும்போது தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். எங்கள் ஊர் வழக்கம் அது. நூல் நிறுத்து வரும், சேலை நிறுத்துப் போகும். பட்டு மழைக்காலத்தில் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்து எடை கூடும். அந்த ஒன்றிரண்டு கிராமுக்காக முதலாளிக்கும் நெசவாளிக்கும் வருஷா வருஷம் சண்டை நடக்கும். அதனாலேயே வீட்டுக்கு வீடு ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு இருக்கும். எதையும் நிறுத்துப் பார்க்காமல் வாங்காத ஊர் இது. விபூதியை மட்டும் நிறுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை தனகோடியம்மா வீட்டில் நாலு சுவரும் அழுதன.

"முன்சுவரு நேத்து வரைக்கும் காஞ்சிதானே இருந்துச்சு? அதுவும் எப்பிடி அழுவுது?" என்று துர்கா கேட்டாள்.

"அதான் சொல்றேன், தோஷம் வீடு பூரா பரவிகினு இருக்குது" என்றான் சுதாகர்.

பதில் தயாராக இருக்கிறவனிடம் கேள்வி கேட்டு என்ன பயன்? போட்டோ போனது. தீர்ப்பு வந்தது. 'புகுந்த வீட்டில் அழுதழுது செத்த பெண்ணின் கண்ணீர். நிவர்த்தி இல்லாமல் இந்த வீட்டில் குழி வெட்டினால் நெய்கிற கை விளங்காது.' கேட்டதும் சுதாகர் அட்வான்ஸ் போனாலும் போகட்டும், வீடு வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டான்.

இதில் சாமியாரின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். புகுந்த வீட்டில் அழாமல் செத்த பெண் எந்தத் தெருவில் இருக்கிறாள்? ஒரு கதையைப் பொதுவாக வீசினால் போதும், ஆள் தேடி மாட்டிவிடுகிற வேலையை ஊரே பார்த்துக்கொள்ளும். பார்த்துக்கொண்டது. தனகோடியின் ஓரகத்தி சுபலட்சுமி இருபது வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டில்தான் செத்தாள். மஞ்சள் காமாலை. இரண்டே நாளில் அது 'தனகோடி படுத்தின பாடு' என்று ஆகிவிட்டது. குழாயடியில் அந்த அம்மாள் வந்தால் பேச்சு நின்றது. பால்காரி சொம்பில் கை படாமல் ஊற்றினாள்.

தனகோடியம்மா துர்காவைத் தேடி வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"அட்வான்ஸ திருப்பிக் குடுத்துர்றேன்மா. வீடு வேணான்னா வேணாம். ஆனா சுபலட்சுமி படுத்த படுக்கையா கெடந்தப்ப, நான்தான் அவளுக்குக் கஞ்சி ஊத்தினேன், பீ மூத்திரம் அள்ளினேன். அவ என் மடியிலதான் போனா. அவள நான் அழவெச்சேன்னு சொல்றாங்களே, அதத்தான் தாங்க முடியல."

சாமியார் மேல் வந்த கோபத்தைவிட, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அவர் முன்னால் நின்ற என்மேல் வந்த கோபம் அதிகம். என் மாதிரி நூறு பேர் நின்றதால்தானே அந்த ஆளின் வாய்க்கு இத்தனை பலம்!

துர்கா அந்த அம்மாளுக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலை என் கடை திறக்கும்போதே துர்கா வாசலில் நின்றாள். கையில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம். அதில் சாம்பல் நிறத் தண்ணீர் தளும்பியது.

"அண்ணா, இவரு மிச்ச விபூதியக் குப்பைல போடக் கூடாதுன்னு நேத்து சாயங்காலம் இந்தத் தட்டுல கொட்டி, பட்டு வெக்கிற அலமாரில வெச்சு மூடிட்டாரு. காலைல தொறந்தா இப்பிடி. எனக்கு உசிரே போச்சு. பக்கத்துல அரைக்கிலோ பட்டு இருக்குது. நனைஞ்சிருந்தா முதலாளிக்கு என்னா பதில் சொல்றது? ஜல்தியா எடுத்து நிறுத்துப் பாத்தேன்."

"எடை ஏறிடுச்சா?"

"அதாண்ணா பேஜாரு. எறங்கியிருக்குது! அடை மழைல பட்டு எடை எறங்கி எவனாவது பாத்திருக்கானா? தட்டுல தண்ணி ஏறியிருக்குது, பட்டு எடை எறங்கியிருக்குது. பட்டுல இருந்த ஈரத்த இந்த விபூதி இழுத்துகினு இருக்குது. அப்பிடி இழுக்கிற பொடி ஏதாவது உண்டா?"

நான் அவளைப் பார்த்தேன். பிறகு என் கடையின் மூன்றாவது அலமாரியைப் பார்த்தேன். பிறகு தலையில் அடித்துக்கொண்டேன்.

அங்கே பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தேன், பீரோவில் தொங்கவிடுகிற ஈரம் உறிஞ்சி பாக்கெட்டுகளை. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் குருணை இருக்கும். காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துத் தண்ணீராக்கி அடிப்பையில் சேர்க்கும். கால்சியம் குளோரைடு என்று உறையிலேயே அச்சடித்திருக்கிறது. பட்டுக் கடைக்காரர்கள் வாங்குவார்கள். அவர்களைவிட அதிகமாக வாங்குவது யார் தெரியுமா? சந்தவாசல் கொட்டகை. மாதம் ஆறு பெட்டி. பீரோ ஒன்றுகூட இல்லாத சாமியாருக்கு எதற்கு ஆறு பெட்டி என்று ஒரு நாளாவது கேட்டேனா? நல்ல வாடிக்கை என்று காலண்டர் கொடுத்து அனுப்பினேன்.

ஒரு பாக்கெட்டை வெட்டிக் குருணையைப் பொடித்தேன். வீட்டு விபூதியில் கலந்து தண்ணீர் விட்டேன். கை சுட்டது. அந்தக் கையைக் கடையின் கண்ணாடிக் கதவில் பதித்தேன். சாயங்காலம் கண்ணாடி அழுதது.

செவ்வாய்க்கிழமை மூவரும் போனோம். சுதாகர் வர மறுத்தான். "சாமி குத்தம் ஆயிடும்" என்றான். "நீ வரலன்னா தறி குத்தம் ஆயிடும்" என்று துர்கா அவனை வண்டியில் ஏற்றினாள். அவள் மடியில் தராசு, பையில் தாம்பாளம்.

கொட்டகையில் நல்ல கூட்டம். முள்ளிப்பட்டிலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். வெளியே தூறல். பக்கெட்டுகளில் சொட்டுச் சத்தம். எங்கள் முறை வந்ததும் துர்கா செல்போனை நீட்டினாள். திரையில் ஒரு கைத்தடம். அதிலிருந்து தண்ணீர் ஓடுகிறது.

சாமியார் கண்ணை மூடினார். "அடேங்கப்பா. கன்னிப்பொண்ணு. கல்யாணத்துக்கு ஏங்கி ஏங்கிப் போய்ச் சேந்தவ. தெக்கு மூலையில நின்னுகினு அழுவுறா."

"எந்த ஊட்ல சாமி?"

"நீ குடியிருக்கிற ஊட்லதான்."

துர்கா பையிலிருந்து தாம்பாளத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். போட்டோவில் இருந்த கைத்தடம் அதில் இருந்தது.

"சொவரு இல்ல சாமி, இது எங்க ஊட்டுத் தாம்பாளம். போன ஆடித் தள்ளுபடில வாங்கினது. இதுல எந்தக் கன்னிப்பொண்ணு செத்தா?"

இந்த இடத்தில் கூட்டம் கொதித்தெழுந்தது என்று எழுதத்தான் ஆசை. எழவில்லை. சாமியார் அரை நிமிஷம் யோசித்து, "ஊட்டுத் தோஷம் பாத்திரத்துலயும் ஒட்டும்" என்றார். கூட்டம், "ஆமாம், ஒட்டும்" என்று தலையாட்டியது. ஒரு பாட்டியம்மா, தன் வீட்டுக் குக்கர்கூட அழுகிறது என்றாள். சுதாகர் என் பக்கம் திரும்பி, 'பார்த்தீரா' என்கிற மாதிரி புருவத்தை உயர்த்தினான்.

துர்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். தராசை வைத்தாள்.

"சரி சாமி. உங்ககிட்ட எதுவும் கேக்கல. இதோ இந்த அக்கா கைல இருக்குதே, இப்பத்தான் வாங்கின மஞ்சப் பொட்டலம். அதக் கொஞ்சம் தராசுத் தட்டுல கொட்டட்டும். நாம எல்லாரும் சும்மா பாத்துகினு இருப்போம்."

அந்த அக்கா போளூர்க்காரி, பெயர் அகல்யா. தயங்கித் தயங்கிப் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் பரப்பினாள். ஐம்பது கிராம், சுத்தமாக. சாமியார், "சோதனை விபூதிய வெளிச்சத்துல பிரிக்கக் கூடாது" என்று கத்தினார். ஆனால் தராசில் எண் ஓடத் தொடங்கிவிட்டால் ஆரணிக்காரனை எந்தச் சாமியாலும் திருப்ப முடியாது. ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஐம்பது புள்ளி ஒன்று. ஐம்பது புள்ளி இரண்டு.

"ஏறுது!" என்றான் ஒருத்தன். பின்னால் நின்றவர்களுக்குத் தெரியாததால் முன்னால் இருந்தவன் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தான். அரைமணி நேரத்தில் ஐம்பத்தொன்றைத் தாண்டியது. விபூதியின் மேல் மினுமினுவென்று நீர் பூத்தது. பிறகு துர்கா தட்டைத் துடைத்து, நிவர்த்திக்கு வந்திருந்த ஒருவர் கையிலிருந்த சிவப்புப் பொட்டலத்தைக் கொட்டச் சொன்னாள். ஐம்பது. பத்து நிமிஷம் ஆனது. ஐம்பது. இன்னும் பத்து நிமிஷம். அதே ஐம்பது.

"யாரும் தண்ணி ஊத்தல. யாரும் அழுவல. மஞ்சப் பொட்டலம் மட்டும் எடை ஏறுது. எங்கேர்ந்து வந்துச்சு தண்ணி?" என்று கேட்டாள்.

நான் முன்னால் வந்து பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினேன். என்ன இது, எங்கே விற்கிறது, இந்தக் கொட்டகை மாதம் எத்தனை பெட்டி வாங்குகிறது, எல்லாவற்றையும் சொன்னேன். விற்ற முட்டாள் நான்தான் என்பதையும் சொன்னேன்.

சாமியார் கடைசியாக ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருப்பார்.

"தராசுல தோஷம்."

அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த முள்ளிப்பட்டு நெசவாளி ஒருவர் எழுந்தார். "யோவ், சொவத்தச் சொன்ன, கேட்டுகினேன். தாம்பாளத்தச் சொன்ன, கேட்டுகினேன். தராசச் சொன்னா நாங்க சோறு துன்றதா வேணாவா?" என்றார். பிறகு தன் பாக்கெட்டிலிருந்த ஐந்து ரூபாய் நாணயத்தைத் தட்டில் வைத்தார். தராசு நாணயத்தின் எடையைச் சரியாகச் சொன்னது. இன்னொருவர் சாமியாரின் தாடியை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ போளூர் பீரோ கடைல வேலைக்கு இருந்த பலராமன்தானே? எனக்கு நீதானே பீரோ வித்த?" என்றார். சாமியார் எழுந்த வேகத்தில் ஒரு பக்கெட் கவிழ்ந்தது. சிஷ்யன் முதலில் க்யூஆர் கோடைத்தான் கிழித்து எடுத்தான். இருவரும் பின்பக்க வயலில் இறங்கி ஓடினார்கள்.

துர்கா ஓடுகிறவர்களைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் தனகோடியம்மா தெரு ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களைப் பார்த்து, "தனகோடியம்மா யாரையும் அழவெக்கல. போய்த் தெருவுல சொல்லுங்க. சொல்லும்போது குழாயடில நின்னு சொல்லுங்க" என்றாள். சுதாகர் தராசைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மழை விட்டதும் கொத்தனாரோடு மாடி ஏறினோம். மழைநீர்க் குழாயின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பந்து அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் மாடியில் தேங்கி, பின்சுவர் வழியாக இறங்கியிருக்கிறது. ஒரு பந்துக்காக ஒரு பெண்மணியின் பேரை நாறடித்திருக்கிறோம். பந்தை எடுத்தோம், மாடிக்குத் தளம் போட்டோம், காரையைக் கொத்திப் பூசினோம். தை மாதம் கிரயம் முடிந்தது. பின்சுவருக்குப் பக்கத்தில் துர்கா தன் குழியை வெட்டிக்கொண்டாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நம் ஜனங்கள் விடுவார்களா?

புது வீட்டில் தறி ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. நூல் வாங்கப் போயிருந்த துர்கா திரும்பி வந்து பார்த்தால் வாசலில் முப்பது பேர். திறந்திருந்த கூடத்தில் ஜன்னலோரம் இருந்த தராசுக்கு யாரோ மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். ஒரு அம்மாள் கற்பூரம் கொளுத்தப் போனாள். கும்பலில் இருந்த ஒருவர் கையைக் கூப்பி, "அம்மா, எங்க ஊட்டுச் சொவத்துல ஈரம். உங்க தராசு வாக்குச் சொல்லணும்" என்றார்.

துர்கா கற்பூரத்தைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தராசில் வைத்தாள்.

"நாப்பத்திரண்டு கிராம். இதான் இது சொல்ற வாக்கு. இதுக்கு மேல ஒரு வார்த்த இதுக்குத் தெரியாது. சொவத்துல ஈரம்னா மாடில ஏறிப் பாருங்க. ஏற முடியலன்னா ஏணி வெச்சு ஏறுங்க. கும்புடறதுக்குக் கைய மேல தூக்குறீங்களே, அப்பிடியே கொஞ்சம் தலையையும் தூக்கிப் பாக்கக் கூடாதா?"

முப்பது பேரும் பயபக்தியோடு தலையைத் தூக்கி அவள் வீட்டு உத்தரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.